முன் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டை: ரொட்டேஷன் செய்தால் போதுமா?

#1 அடையாறு_ஆலமரம் | ஞாயிறு, காலை 8:10

வணக்கம் நண்பர்களே. பெட்ரோல் ஹேட்ச்பேக், 2021-இல் வாங்கியது. 185/65 ஆர்15 டயர். ஓடியது 31,400 கி.மீ. வண்டியோடு வந்த அதே நான்கு டயர்கள்தான். இதுவரை ரொட்டேஷன், அதாவது முன்னும் பின்னும் இடம் மாற்றியதே இல்லை.

நேற்று பங்கில் காற்றுப் பிடிக்கும்போது அங்கே இருந்த பையன், "சார், முன் டயர்ல உள்பக்கம் பார்த்தீங்களா?" என்று கேட்டார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளியே நின்று பார்த்தால் நல்ல டயர். உள்ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டனே (பள்ளங்களுக்கு இடையே நிற்கும் ரப்பர் கட்டி) இல்லை, வழவழவென்று இருக்கிறது. தினமும் வண்டியைத் துடைக்கிறேன், ஒரு நாள்கூட இது கண்ணில் படவில்லை.

ஒரு கடையில், "முன்னாடி இருக்கிறதைப் பின்னாடி போட்டுடலாம், இன்னும் பத்தாயிரம் தாராளமா ஓடும்" என்கிறார்கள். இன்னொரு கடையில் நான்கையும் மாற்றச் சொல்லி, கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) அவுட், அதற்குத் தனியாக 1,800 ரூபாய் என்கிறார்கள். தீபாவளிக்கு அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி போக வேண்டும். போக மட்டுமே 600 கி.மீ.க்கு மேல், மழையும் தொடங்கிவிடும். யார் சொல்வது சரி?

#2 கடலோரம் | ஞாயிறு, காலை 8:42

போட்டோ போடுங்கள். நான்கு டயரும் வேண்டும், உள்பக்கம் தனியாக. அதைப் பார்க்காமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.

#3 திருச்சி_பட்டறை | ஞாயிறு, காலை 9:30

தம்பி, போட்டோவை விட அளவு நல்லது. கருவி எதுவும் வேண்டாம். ஒரு தீக்குச்சியை டயரின் பள்ளத்துக்குள் அடிவரை இறக்கி, ரப்பர் மட்டத்தில் நகத்தால் அழுத்தி அடையாளம் வையுங்கள். வெளியே எடுத்து ஸ்கேலில் வைத்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு டயரிலும் மூன்று இடம்: வெளி ஓரம், நடு, உள் ஓரம். மொத்தம் பன்னிரண்டு அளவு. ஸ்டெப்னியையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் தெரியும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ என்ற எழுத்தோ ஒரு சிறு முக்கோணமோ அந்த மேடு இருக்கும் இடத்தைக் காட்டும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் சட்டப்படியே அந்த டயர் ரோட்டுக்கு ஆகாது.

இன்னொரு வேலை. உள்ளங்கையை டயர் மேல் வைத்துக் குறுக்கே ஒருமுறை உள்ளிருந்து வெளியே, ஒருமுறை வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சொல்லுங்கள். மெதுவாகத் தடவுங்கள், கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் கையைக் கிழித்துவிடும்.

#4 அடையாறு_ஆலமரம் | ஞாயிறு, பகல் 12:15

அளந்துவிட்டேன் அண்ணே. வெளி, நடு, உள் என்ற வரிசையில் மில்லிமீட்டரில் தருகிறேன்.

முன் இடது: 4.5, 4, 1.5
முன் வலது: 4.5, 4, 2
பின் இரண்டும்: எங்கே வைத்தாலும் 6 அல்லது கொஞ்சம் கூட

தடவிப் பார்த்ததில் முன் டயர் இரண்டிலும் ஒரு பக்கம் வழுக்குகிறது, திரும்பி வரும்போது அரம் மாதிரி உரசுகிறது. பின் டயர்களில் அப்படி இல்லை. இன்னொன்று, நேர் ரோட்டில் போகும்போது ஸ்டியரிங் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்தே இருக்கும். வாங்கியதிலிருந்தே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் போன வருட மழையில் வேளச்சேரிப் பக்கம் தண்ணீருக்குள் ஒரு பள்ளத்தில் இறங்கியதற்கு அப்புறம்தான்.

#5 திருச்சி_பட்டறை | ஞாயிறு, பிற்பகல் 3:05

அந்தப் பள்ளம்தான் காரணமாக இருக்கும். பெரும்பாலும் டோ, அதாவது முன் சக்கரங்கள் நேராக நிற்கும் கோணம், போயிருக்கிறது.

இரண்டு முன் சக்கரங்களும் மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட நேராக நிற்க வேண்டும். நம் பாதங்களை நினைத்துக்கொள்ளுங்கள். முன்விரல்கள் வெளிப்பக்கம் விரிந்தபடி நடந்தால் செருப்பு ஒரு ஓரம் தேயும் இல்லையா? சக்கரமும் அப்படித்தான். முன்பக்கம் விரிந்து நின்றால் ஒவ்வொரு மீட்டருக்கும் டயர் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே உருளும். உள்விளிம்பு கரையும், பட்டன் ஒரு பக்கம் மழுங்கி மறுபக்கம் கூராகும். உங்கள் கையில் அரம் மாதிரி உரசியது அந்தக் கூர்தான். ஸ்டியரிங் சாய்ந்து நிற்பதும் இதோடு சேர்ந்து வரும்.

டயர் தேய்ந்த விதத்தைப் பார்த்தே வண்டியில் என்ன கோளாறு என்று பாதி சொல்லிவிடலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயரமாக இருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் டோ அல்லது கேம்பர். மேடும் பள்ளமுமாக, கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் செத்திருக்கும், இல்லை பேலன்சிங் போயிருக்கும். அந்த மாதிரி டயர் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஹும்மென்று சத்தம் போடும். பலர் அதை பேரிங் சத்தம் என்று நினைத்து பேரிங்கை மாற்றிவிட்டு, சத்தம் போகவில்லையே என்று திரும்பி வருவார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரொட்டேஷன் மருந்து இல்லை. காரணத்தைச் சரிசெய்யாமல் நல்ல பின் டயரை முன்னால் கொண்டுவந்தால் இன்னும் பத்தாயிரம் கி.மீ.யில் அதுவும் இதே கதிதான். நான்கையும் கெடுத்த மாதிரி ஆகும். அதோடு உங்கள் இடது முன் டயரில் உள்ளே 1.5 தான் இருக்கிறது. அந்த டயரின் ஆயுள் முடிந்துவிட்டது. அதைப் பின்னால் போட்டு மழையில் 600 கி.மீ. ஓட்டச் சொன்னவர் உங்கள் குடும்பத்தை நினைத்துப் பார்க்கவில்லை.

முதலில் சஸ்பென்ஷன். டை ராட் எண்டில் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) ஆட்டம் இருக்கிறதா, லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையின் ரப்பர்) கிழிந்திருக்கிறதா என்று வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தை மூன்று மணி, ஒன்பது மணி இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் டை ராட் ஆட்டம் கையிலேயே தெரியும். ஆட்டம் இருக்கும்போது அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலையைச் செய்தால் கடை வாசலைத் தாண்டுவதற்குள் அது கலைந்துவிடும். அதைச் சரிசெய்த பிறகுதான் அலைன்மெண்ட்.

கேம்பர் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் மாதிரி சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் டோ மட்டும்தான் கம்பெனி வைத்த இடத்தில் திருகி மாற்ற முடியும். கேம்பருக்குத் திருகு கிடையாது. சில இடங்களில் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டையோ நக்கிளையோ நெம்பி வளைத்து "சரி" செய்கிறார்கள். கம்ப்யூட்டர் திரையில் பச்சையாகிவிடும். ஆனால் இரும்பை வளைத்தால் அதன் பலம் போகும். கேம்பர் உண்மையிலேயே விலகியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பாகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

#6 வடபழனி_வண்டி | ஞாயிறு, மாலை 5:20

பட்டறை அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு சேர்க்கை: புது டயர் இரண்டு வாங்கினால் முன்னால் போடுங்கள். முன்சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கிலும் பெரும்பங்கு அதற்குத்தான். முன்னால் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை மீறிவிடும். பதினைந்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

#7 கொல்லிமலை_70 | ஞாயிறு, மாலை 6:48

வடபழனி அண்ணா, நானும் மூன்று வருடம் முன்பு வரை அதையேதான் நம்பினேன். புதுசு இரண்டையும் முன்னால் போட்டு, 3 மில்லிக்கும் குறைந்த பழசைப் பின்னால் விட்டேன். நவம்பர் மாதம், தொப்பூர் இறக்கம், நல்ல மழை. வேகம் 70 இருக்கும். வளைவில் ரோட்டோரம் தண்ணீர் தேங்கியிருந்தது. முன்சக்கரம் அதைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பின்சக்கரம் தண்ணீர் மேல் ஏறி மிதந்தது. வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் நகர்ந்து என்னை முந்தப் பார்த்தது. நான் பயந்து பிரேக்கை மிதித்தேன், இன்னும் சுற்றியது. பின்னால் லாரி இல்லாததால் இன்று எழுதுகிறேன்.

முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங் திடீரென்று லேசாகும். அது ஒரு எச்சரிக்கை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்ப வரும். பின்சக்கரம் வழுக்கும்போது எச்சரிக்கையே கிடையாது, தெரியும்போது வண்டி ஏற்கெனவே திரும்பியிருக்கும். அதை அடக்க எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் ஒடிக்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? மிஷ்லின் உட்படப் பெரிய டயர் கம்பெனிகள் முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் ஆழமான டயர் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

#8 வடபழனி_வண்டி | ஞாயிறு, இரவு 7:30

நீங்கள் தப்பியது பெரிய விஷயம் தம்பி. வெடிப்பது பற்றி என் கவலை இன்னும் இருக்கிறது. ஆனால் மழையில் பின்பக்கம் நகர்வதை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. ஒரு சந்தேகம். ஆழமான டயர் பின்னால் இருக்க வேண்டும் என்றால், ரொட்டேஷன் என்பதே தேய்ந்த முன் டயரைப் பின்னால் அனுப்புவதுதானே? இரண்டும் ஒன்றோடொன்று முட்டவில்லையா?

#9 திருச்சி_பட்டறை | ஞாயிறு, இரவு 9:15

முட்டுகிறதுதான். நல்ல கேள்வி கேட்டீர்கள்.

முன்சக்கர இழுவை வண்டியில் முன் டயர் பின்னதை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகத் தேயும். 8 மில்லியில் தொடங்கிய டயர் பத்தாயிரம் கி.மீ.யில் முன்னால் 7-க்கும் கீழே போயிருந்தால் பின்னால் 7.4, 7.5 இருக்கும். அப்போது இடம் மாற்றினால் அரை மில்லி, முக்கால் மில்லி வித்தியாசம்தான். அதில் ஆபத்து இல்லை, நான்கும் ஒன்றுபோலத் தேய்ந்துகொண்டு வரும். முப்பதாயிரம் வரை விட்டுவிட்டு மாற்றினால் முன்னால் 4, பின்னால் 6. அந்த 4-ஐப் பின்னால் அனுப்புவதுதான் தப்பு. ஆகவே சீக்கிரம் செய்ய வேண்டும், அல்லது செய்யவே கூடாது. வண்டியோடு வந்த கையேட்டில் எத்தனை கி.மீ. என்று போட்டிருக்கும். நான் என் வாடிக்கையாளர்களுக்கு எட்டாயிரத்தில் செய்யச் சொல்வேன். பத்தாயிரத்தைத் தாண்ட விடுவதில்லை.

ஆலமரம் தம்பிக்கு: உங்களுக்கு இந்த முறை நான்கு டயர் சுற்று கிடையாது. இப்போது பின்னால் இருக்கும் 6 மில்லி ஜோடி முன்னால் வரட்டும், புது ஜோடி பின்னால். முன் ஜோடி முதலில் தேய்ந்து முடியும், அப்போது பின் ஜோடியை முன்னால் கொண்டுவந்து மறுபடியும் புதுசைப் பின்னால் போடுங்கள். நான்கையும் மாற்ற வேண்டிய தேவை இல்லை.

#10 மீனாட்சி_நகர்வலம் | திங்கள், காலை 6:50

நான் மதுரை. என் வண்டிக்கு நான்கு வருடமாக வீட்டு வாசலிலேயே ரொட்டேஷன் செய்கிறேன். ஒரு ஜாக்கி, ஸ்டெப்னி, ஸ்பேனர், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு நட்டை இறுக்கும் ஸ்பேனர்) போதும். ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்தச் சாக்கில் நான்கு டயரின் உள்பக்கத்தையும் கண்ணால் பார்த்துவிடலாம். உங்களுக்கு நேர்ந்தது எனக்கு நேராமல் இருப்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

முன்சக்கர இழுவைக்கு முறை இது. முன்னால் இருப்பது அதே பக்கம் நேராகப் பின்னால் போகும். பின்னால் இருப்பது பக்கம் மாறி முன்னால் வரும். பின்சக்கர இழுவை வண்டிக்கு இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் பக்கமே மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்னும் பின்னும் மட்டும்.

ஒரே ஜாக்கியில் எப்படி என்று கேட்பார்கள். முன் இடதைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியை மாட்டுங்கள். கையில் இருக்கும் டயரைப் பின் இடதில் போடுங்கள். அங்கிருந்து வந்தது முன் வலதுக்கு. முன் வலதிலிருந்து வந்தது பின் வலதுக்கு. பின் வலதிலிருந்து வந்தது ஸ்டெப்னி நிற்கும் முன் இடதுக்கு. ஐந்து முறை தூக்கினால் வேலை முடிந்தது. ஸ்டெப்னி சின்ன அளவாக இருந்தாலும் பரவாயில்லை, நின்ற இடத்தில் இடம் பிடிப்பதற்குத்தானே.

சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். ஹேண்ட்பிரேக், முதல் கியர், தூக்காத பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகவே கூடாது.

#11 கடலோரம் | திங்கள், காலை 7:25

அக்கா, நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்? கடையில் ஏர் கன்னால் அடித்து அனுப்பினார்கள். போன மாதம் பஞ்சரானபோது ஸ்பேனர் மேல் ஏறி நின்றும் கழலவில்லை.

#12 மீனாட்சி_நகர்வலம் | திங்கள், காலை 7:50

சின்னக் கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். சரியான எண் உங்கள் கையேட்டில் இருக்கிறது. நட்சத்திரக் கோலம் போடுகிற மாதிரி எதிரெதிராக இறுக்குங்கள், வரிசையாகச் சுற்றி வராதீர்கள். கடையில் செய்தால், ஏர் கன்னைப் பாதியில் நிறுத்தி மீதியைக் கையால் இறுக்கச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். அலாய் வீலாக இருந்தால் 50, 100 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். டயர் பிரஷர் காட்டும் வசதி இருந்தால் இடம் மாற்றிய பிறகு அதை ரீசெட் செய்ய வேண்டும். அப்புறம் காற்று. முன்னும் பின்னும் அளவு வேறு என்றால் புது இடத்துக்கு ஏற்ப மாற்றிப் பிடிக்க மறந்துவிடக் கூடாது.

#13 கொல்லிமலை_70 | திங்கள், காலை 8:30

காற்று என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா நாமக்கல்லில் லாரி வைத்திருந்தார். டீக்கு நிறுத்தும் இடத்திலெல்லாம் கிளீனர் இறங்கி இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக்கொண்டே வருவார். டங்கென்று சத்தம் வந்தால் காற்று இருக்கிறது, தொம்மென்று வந்தால் இல்லை. அவருக்கு அது பல் தேய்ப்பது மாதிரி. நாம் மாதம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்ப்பதற்குக்கூடச் சோம்பல்படுகிறோம்.

காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். பத்து டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ கூடும். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் நான்கைந்து கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்காதீர்கள். சரியான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். டயர் மேல் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. நைட்ரஜனா சாதாக் காற்றா என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: சாதாக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

#14 அடையாறு_ஆலமரம் | சனி, இரவு 9:40

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை வேறொரு கடைக்குப் போனேன். வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் முன் இடது சக்கரத்தை மூன்று மணி, ஒன்பது மணியில் பிடித்து நானே ஆட்டிப் பார்த்தேன். டக் டக் என்று கையில் தெரிந்தது. டை ராட் எண்ட்தான். ரப்பர் உறை கிழிந்து உள்ளே கிரீஸே இல்லை. வலதுபக்கம் ஆட்டம் இல்லை, இருந்தாலும் மெக்கானிக்கோடு பேசிவிட்டு இரண்டையும் மாற்றிவிட்டேன்.

டயர் வாங்கும்போது ஒரு சம்பவம். முதலில் கொண்டுவந்து வைத்த ஜோடியின் பக்கவாட்டில் டி.ஓ.டி வரிசையின் கடைசி நான்கு எண்களை, அதாவது தயாரான வாரத்தையும் வருடத்தையும் பார்த்தேன். அந்த ஜோடியில் ஒரு டயர் தயாராகி மூன்றரை வருடம் ஆகியிருந்தது. வேண்டாம் என்றேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் உள்ளே போய் நான்கு மாதம் முன்பு தயாரான ஜோடியை எடுத்து வந்தார். விலை ஒன்றுதான். புதுசைப் பின்னால் போடச் சொன்னதற்கு அங்கே வேலை செய்தவர், "எல்லாரும் முன்னாடிதானே சார் கேப்பாங்க" என்றார். கொல்லிமலை நண்பரின் தொப்பூர் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

அலைன்மெண்ட் தாளில் வேலைக்கு முன், பின் என்று இரண்டு படம் கொடுத்தார்கள். கேம்பர் முதலிலிருந்தே அளவுக்குள்தான் இருந்திருக்கிறது. ஸ்டியரிங் இப்போது நேராக நிற்கிறது.

#15 திருச்சி_பட்டறை | சனி, இரவு 10:20

நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. புது டயரின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும், முதல் இருநூறு கி.மீ. மழையில் அவசரப்படாதீர்கள். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஸ்டெப்னியிலும் காற்றுப் பாருங்கள். மூன்று பேர், சாமான் என்று ஏற்றினால் ஸ்டிக்கரில் முழு லோடுக்குத் தனி எண் இருக்கும், அதைப் பிடியுங்கள். கழற்றிய அந்த இரண்டு டயரை என்ன செய்தீர்கள்?

#16 அடையாறு_ஆலமரம் | சனி, இரவு 10:35

ஒன்றைக் கடையிலேயே விட்டுவிட்டேன். இடது முன் டயரை வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தியிருக்கிறேன். மூத்தவள் அடுத்த மாதம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறாள். வெளிப்பக்கம் ஒரு கையும் உள்பக்கம் ஒரு கையும் வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். "இது ஒரே டயரா அப்பா?" என்று கேட்டாள். ஸ்டெப்னியை நாளைக் காலையில் பார்த்துவிடுகிறேன் அண்ணே.